ஏட்டில் நின்ற இசையும் எழுதாது போன இசையும்

பாட்டு என்பது சொல்லும் பண்ணும் கூடிய ஒன்று. சொல்லை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பாட்டைக் காத்துவிட்டோம் என்று மனநிறைவு கொள்வது, கூட்டை எடுத்து வைத்துக் குயிலைக் காத்துவிட்டோம் என்பதை ஒக்கும்.

மலேசியத் தோட்டப்புறங்களில் வழங்கிய தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, தொழிற்பாடல் முதலியவற்றைத் திரட்டித் தரும் நூல்கள் சிலவற்றை அண்மையில் மீண்டும் படிக்க நேர்ந்தது. தோட்டந்தோட்டமாக நடந்து, முதியோரைக் கண்டு, அவர்தம் வாய்மொழியை எழுத்திற் கொணர்ந்த தொகுப்பாசிரியர்களின் உழைப்பை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது. அவர்கள் இல்லையேல் அச்சொற்களும் மண்ணோடு மண்ணாகியிருக்கும். ஆயினும் ஒவ்வொரு பாடலையும் படித்து முடிக்குந்தோறும் என்னுள் ஒரு வினா எழுந்தது. ‘இதனை எவ்வாறு பாடுவது?’ என்பதே அது. நூலில் அதற்கு விடை இல்லை. என்ன மெட்டு, எந்தச் சொல்லில் குரல் ஏறும், எங்கே இறங்கும், எந்த எழுத்து எவ்வளவு நீளும் என்பன பற்றி ஒரு குறிப்பேனும் இல்லை. தாலாட்டு என்னும் தலைப்பின்கீழ் நமக்குக் கிடைப்பது தாலாட்டன்று, அதன் உரைவடிவே.

இக்குறையை எடுத்துக் காட்டுவதும், இது தவிர்க்க இயலாத குறையன்று என்பதை நிறுவுவதுமே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நெடுந்தொலைவிலுள்ள இத்தாலிய நாட்டின் இசையேட்டு வரலாறு நமக்கு நல்லதோர் அளவுகோலாகப் பயன்படும்.

பெட்டிக்குள் கிடந்த பெருஞ்செல்வம்

1926ஆம் ஆண்டு. இத்தாலியின் வடமேற்கே பீட்மாண்ட் பகுதியில் போர்கோ சான் மார்ட்டினோ என்னும் ஊரில் சலேசியத் துறவியர் நடத்திய கல்விக்கூடம் ஒன்று இருந்தது. கட்டடம் பழுதுற்றது, செப்பனிடப் பணமில்லை. பள்ளி நடத்துவோருக்கு இந்த நிலைமை எந்த நாட்டிலும் புதிதன்று. கூடத்தின் நூலகத்தில் கிடந்த பழைய இசையேடுகளை விற்றால் ஏதேனும் கிடைக்கும் என்றெண்ணிய துறவியர், அவற்றின் மதிப்பையறியத் தூரின் நகரத் தேசிய நூலகத்தை நாடினர். நூலகத் தலைவர் லூயிஜி டோரி அப்பொறுப்பைப் பல்கலைக்கழக இசைப் பேராசிரியர் ஆல்பெர்ட்டோ ஜென்டிலியிடம் ஒப்படைத்தார். பெட்டிகளைத் திறந்து பார்த்த ஜென்டிலி வியந்தார். பதினான்கு தொகுதிகளில் இருந்தவை அந்தோனியோ விவால்டி என்னும் இசைமேதையின் ஏடுகள். பெரும்பாலானவை அவர்தம் கையெழுத்திலேயே அமைந்தவை.

விவால்டி 1741இல் வியன்னாவில் வறுமையுற்று மறைந்தவர். அவர் இறந்தபின் அவர் இசையும் மெல்ல மெல்ல மறக்கப்பட்டது. அச்சேறிய சில படைப்புகளாலும், செருமானிய மேதை பாஃக் அவர் இசையைத் தழுவி எழுதியவற்றாலும் மட்டுமே அறிஞர் சிலர் அவர் பெயரை அறிந்திருந்தனர். ஏறத்தாழ இருநூறாண்டுகள் அவர்தம் படைப்புகளிற் பெரும்பகுதியைப் பாடுவாரும் இல்லை, கேட்பாரும் இல்லை.

கிடைத்த ஏடுகளை அரசு வாங்குதற்குப் பணம் இல்லை. அப்போது ரோபெர்ட்டோ ஃபோவா என்னும் பங்குத் தரகர் தம் பொருளைக் கொடுத்து அவற்றை வாங்கி 1927இல் நூலகத்திற்கு வழங்கினார். இளமையிலேயே இறந்துபோன தம் ஆண் குழந்தை மவுரோவின் நினைவாக அக்கொடையை அவர் அளித்தார். ஏடுகளின் எண்வரிசையை ஆராய்ந்த ஜென்டிலி, இடையிடையே எண்கள் விடுபட்டிருப்பதைக் கண்டு, இது முழுமையன்று, பாதியே என்று முடிவுசெய்தார். மறுபாதி ஜெனோவா நகரில் துராட்சோ குடும்பத்தார் ஒருவரிடம் இருப்பது தெரியவந்தது. நெடுநாட் பேச்சுக்குப்பின் அவர் இசைந்தார். இம்முறை பிலிப்போ ஜோர்டானோ என்னும் துணி உற்பத்தியாளர் அவற்றை வாங்கி 1930இல் நூலகத்திற்கு ஈந்தார். அவரும் தம் சிறு மகன் ரென்சோவை இழந்தவர். இரு குழந்தைகளின் பெயரால் நிற்கும் இருபத்தேழு தொகுதிகளில் விவால்டியின் ஏறத்தாழ 450 படைப்புகள் அடங்கியுள்ளன. 1939இல் சியேனா நகரில் ஆல்ஃபிரெடோ கசெல்லா நடத்திய இசைவிழாவில் அவற்றிற் சில மீண்டும் ஒலித்தன. 1947இல் தொடங்கி அவர்தம் கருவியிசைப் படைப்புகள் வரிசையாக அச்சேறின. ஜென்டிலி யூதர் ஆதலின், 1938இல் இத்தாலிய அரசு இயற்றிய இனச் சட்டங்கள் அவரை அப்பணியிலிருந்து விலக்கின என்பது இவ்வரலாற்றின் துயரப் பகுதி.

இங்கு ஆசிரியர்களாகிய நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. விவால்டி 1703ஆம் ஆண்டிலிருந்து வெனிசு நகரில் பெற்றோரற்ற பெண்குழந்தைகளை வளர்த்த பியெத்தா இல்லத்தில் வயலின் ஆசிரியராகப் பணியாற்றியவர். அவர் படைப்புகளிற் பல அச்சிறுமியர் பயில்வதற்கும் இசைப்பதற்குமாக எழுதப்பட்டவை. இன்று உலகம் போற்றும் இசையில் ஒரு பகுதி, ஓர் ஆசிரியர் தம் மாணவியர்க்கு எழுதிக் கொடுத்த பாடமே. அவர் வாயாற் சொல்லிக் கொடுத்ததோடு அமைந்திருந்தால் அம்மாணவியரோடு அது முடிந்திருக்கும். எழுதினார்; ஆகவே இருநூறாண்டு உறங்கியும் அது எழுந்தது.

படியெடுப்போர் பணி

இத்தாலியர்க்கு இந்த எழுத்துப் பழக்கம் ஒருநாளில் வந்ததன்று. பதினோராம் நூற்றாண்டில் அரெட்சோ நகரில் இசை கற்பித்த கூய்டோ என்னும் துறவி, கோடுகளின்மீதும் இடைவெளிகளிலும் இசைக்குறிகளைப் பொறித்துச் சுரத்தின் உயர்வு தாழ்வைக் கண்ணாற் காணுமாறு செய்தார். இலத்தீன் வழிபாட்டுப் பாடல் ஒன்றன் அடிகளின் முதலசைகளைக் கொண்டு சுரங்களுக்குப் பெயரிட்டார். இன்று டோ, ரே, மீ என உலகெங்கும் குழந்தைகள் ஒலிப்பது அதன் வழிவந்ததே. பத்தாண்டு முயன்றும் நிரம்பாத பயிற்சியை ஓரிரு ஆண்டுகளில் முடிக்கலாம் என்று அவர் தம் மடல் ஒன்றில் எழுதினார். கூய்டோவின் கண்டுபிடிப்பு காப்பகத்தின் பொருட்டுத் தோன்றியதன்று. வகுப்பறையின் பொருட்டே தோன்றியது.

அதன்பின் 1501இல் வெனிசில் பெத்ரூச்சி பல்குரலிசையை அச்சிட்டார். 1808இல் மிலானில் ஜியோவான்னி ரிக்கோர்டி தம் இசைப் பதிப்பகத்தை நிறுவினார். அவர் தொழிலால் இசையேடுகளைப் படியெடுப்பவர். தாம் படியெடுத்த ஏடுகளையும் இசையறிஞர் தம் மூல ஏடுகளையும் அவர் வீசிவிடாமல் சேர்த்து வைத்தார். அப்பழக்கமே அந்நிறுவனத்தின் காப்பகமாக வளர்ந்தது. வெர்டி, புச்சீனி ஆகியோர் தம் கைப்பட எழுதியவை உட்பட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இசையேடுகள் மிலானில் பிரெய்டென்சே தேசிய நூலகத்தில் பேணப்படுகின்றன. அரசரோ பெருஞ்செல்வரோ அல்லாத ஒரு படியெடுப்பாளரின் கவனத்தில் தொடங்கிய செல்வம் இது.

நம் முன்னோர் செய்ததும் செய்யாததும்

‘இசையை எழுதி வைப்பது மேலைநாட்டார் வழக்கம், நமது இசை குருவின் வாயிலிருந்து மாணவர் செவிக்குச் செல்வது’ என்று கூறுவோர் உளர். இக்கூற்றில் பாதி உண்மையுண்டு. மறுபாதி நம் சோம்பலை மறைக்கும் திரை.

புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டின் எழுத்தமைதியில் ஓர் இசைக் கல்வெட்டு உள்ளது. அதில் ஏழு பகுதிகளாகச் சுரக்கோவைகள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு சுரமும் அகர, இகர, உகர, எகர வேறுபாட்டுடன் குறிக்கப்பட்டுள்ளது. இத்தாலியத் துறவி கோடு வரைவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே தமிழ்நாட்டுப் பாறையில் இசை எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அதனைப் படித்து, இதுதான் அவ்விசை என்று ஐயமின்றிப் பாடிக் காட்டுவோர் இன்று இல்லை. அவ்வுயிர் வேறுபாடுகள் எதனைக் குறித்தன என்பதிலேயே அறிஞரிடைக் கருத்து வேறுபாடு உண்டு. எழுத்து நின்றது, படிக்கும் மரபு அற்றது.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி திருமுறை வரலாறு. தில்லையில் அடைபட்டுக் கிடந்து கறையான் அரித்த ஏடுகளிலிருந்து மூவர் பதிகங்கள் மீட்கப்பட்டதை உமாபதி சிவம் பாடிய திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. நாம் மாணவர்க்குக் கற்பிக்கும்போது பெரும்பாலும் அந்த அளவில் நிறுத்திவிடுகிறோம். அப்புராணம் மேலும் ஒன்று கூறுகிறது. சொற்கள் கிடைத்தபின்னும் பண் தெரியவில்லை. ஆகவே திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த எருக்கத்தம்புலியூருக்குச் சென்று, அம்மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண்முறை அமைக்க வேண்டியதாயிற்று. ஏடு காத்தது சொல்லை. பண்ணைக் காத்தது ஒரு பெண்ணின் குரல். அவள் அன்று உயிரோடிராவிட்டால்?

பரிபாடல் மூன்றாவது சான்று. எழுபது பாடல்களில் இருபத்திரண்டே முழுமையாக நமக்குக் கிடைத்துள்ளன. உ.வே. சாமிநாதையர் 1918இல் அதனைப் பதிப்பித்தார். அப்பாடல்களின் இறுதியில் பாடிய புலவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. பெட்டனாகனார், மருத்துவன் நல்லச்சுதனார் போன்ற இசைவல்லுநர்களை நாம் அறிவது அக்குறிப்புகளால்தான். பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்பன அங்குக் காணும் பண்கள். பண்ணின் பெயர் பண்ணாகிவிடாது என்பது உண்மையே. எனினும் அத்தொகுப்பாளர் பாடலை இசையோடு கூடிய பொருளாகக் கருதினார் என்பதற்கு அது சான்று. ஓலையும் எழுத்தாணியும் கொண்டிருந்தவர் செய்ததைத் தாளும் அச்சும் பெற்ற நாம் செய்யவில்லை. நம் தோட்டப்பாடல் தொகுப்புகளிற் பலவற்றில் பாடியவர் பெயரே இல்லை.

எட்டயபுரத்துப் பெருநூல்

தமிழ்நாட்டில் தூரின் நூலகத்துக்கு ஒப்பான பணி நடந்ததில்லையா எனின், நடந்தது. அதுவும் ஒரு தனிமனிதரின் கவலையில் தொடங்கியதே.

சென்னையில் அரசுப் பணியிலிருந்த அ.மா. சின்னசாமி முதலியார் கிறித்தவர். மேலை இசையும் நம் இசையும் அறிந்தவர். நம் இசைப் படைப்புகள் பாடுவோர் வாயில் நாளுக்கு நாள் திரிந்து வருவதைக் கண்டு வருந்தி, அவற்றை ஐரோப்பியரின் ஐந்துகோட்டு முறையில் எழுதி 1890களில் வெளியிடத் தொடங்கினார். முத்துசாமி தீட்சிதரின் படைப்புகளைத் தேடியபோது அவர் சென்றடைந்த ஊர் எட்டயபுரம். அங்கு அரண்மனை இசைப்புலவராக இருந்தவர் சுப்பராம தீட்சிதர். முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் இவருக்குப் பாட்டனார். இவரை மகனாகவும் ஏற்று வளர்த்தவர். இத்தாலியில் வடிவம் பெற்ற வயலினை நம் இசைக்கு ஏற்றவாறு முதன்முதல் கையாண்டவர் என்று போற்றப்படுபவர் அந்தப் பாலுசாமி தீட்சிதரே. விவால்டி தம் மாணவியர்க்குக் கற்பித்த அதே கருவி ஆங்கிலேயப் படையணி இசைக்குழுவினர் வாயிலாகத் தமிழகம் புகுந்து, எட்டயபுரம் வரை வந்து சேர்ந்திருந்தது.

முதலியாரின் தூண்டுதலாலும் எட்டயபுர அரசரின் ஆதரவாலும் சுப்பராம தீட்சிதர் தம் குடும்பச் செல்வத்தை ஏட்டில் எழுத இசைந்தார். 1904இல் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அதன் பயன். முத்துசாமி தீட்சிதரின் இருநூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகள் சுரக்குறிப்புடன் அதில் அடங்கின. இன்று தீட்சிதர் இசையை ஆராய்வோர் எவரும் அந்நூலைத் திறவாமல் ஓரடி எடுத்து வைக்க இயலாது. 1906இல் அவர் மறைந்தபோது, எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் இரங்கற்பா பாடினார் என்பதைத் தமிழாசிரியர் அறிவர். அப்பாடலை நாம் படிக்கிறோம். அவர் இயற்றிய நூலின் பயனை மாணவர்க்கு எடுத்துரைப்பது அரிது.

அந்நூலுக்கும் ஒரு குறையுண்டு. அது தெலுங்கு எழுத்தில் அச்சாயிற்று. சென்னை மியூசிக் அகாதெமி அதனைத் தமிழில் வெளியிடத் தொடங்கியது 1961இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ் மட்டும் அறிந்த இசை மாணவனுக்கு அது பூட்டிய பெட்டியாகவே இருந்தது. காப்பது ஒரு பணி. காத்ததைப் பயன்படுவோர் கைக்குச் சேர்ப்பது மற்றொரு பணி. இரண்டில் ஒன்று தவறினும் பயனில்லை.

தடையும் விடையும்

இங்கு எழக்கூடிய தடைகளை ஒதுக்கிவிட்டுச் செல்வது முறையன்று.

‘நம் இசையின் உயிர் கமகம். குரல் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கியும் அசைந்தும் செல்லும் அழகைப் புள்ளியிலும் கோட்டிலும் அடைக்க முடியுமா?’ என்பது முதல் தடை. முழுமையாக அடைக்க முடியாது என்பதே நேரிய விடை. முதலியாரின் ஐந்துகோட்டுப் பதிவுகளில் இவ்விடர்ப்பாடு தெரிகிறது. ஆயினும் சுப்பராம தீட்சிதர் அங்கே நின்றுவிடவில்லை. ஒவ்வொரு வகைக் கமகத்துக்கும் தனித்தனிக் குறியீடு வகுத்துச் சுரங்களின்மேல் அச்சிடச் செய்தார். எழுத முடியாது என்று கைவிடுவது எளிது; எவ்வளவு எழுத முடியும் என்று முயல்வதே அறிஞர் செயல்.

மேலும், இத்தாலிய ஏடுகள் யாவும் முழுமையானவை என்று எண்ணுவதும் பிழை. விவால்டி காலத்து ஏடுகளில் உடனிசைக்கும் விசைப்பலகைக் கலைஞருக்குக் கீழ்ச்சுரங்களும் சில எண்களும் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். எஞ்சியதை அவரே நிரப்ப வேண்டும். மெல்லிய நடையிலமைந்த பகுதிகளில் சேர்க்க வேண்டிய அழகுகள் இசைப்போர் பொறுப்பு. ஆகவே அங்கும் ஏடு என்பது முழு இசையன்று. இசைக்கு வழிகாட்டும் குறிப்பே. தொல்காப்பியர் எழுத்தின் அளவைக் கூறிவிட்டு, இசையில் அவ்வளவு கடந்து நீளுவதை இசைநூலார் கூற்றுக்கு விட்டுவிடுகிறார். எழுத்துக்கு எல்லையுண்டு என்பதை அறிந்தே எழுதியவர் அவர். எல்லையுண்டு என்பதற்காக எழுதாமல் விட்டவரல்லர்.

‘ஒலிப்பதிவுக் கருவி வந்துவிட்டது, கைத்தொலைபேசியே போதும், குறிப்பெழுதி அல்லற்படுவானேன்?’ என்பது இரண்டாவது தடை. ஒலிப்பதிவு வேண்டும், முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். குரலின் தன்மை, மூச்சின் இடம், விம்மல் ஆகியவற்றை எந்தக் குறியீடும் தாங்காது. ஆனால் ஒலிப்பதிவு கேட்பதற்கு உதவும் அளவுக்குக் கற்பிப்பதற்கு உதவுவதில்லை. முப்பது மாணவர் ஒருங்கே பாட, ஒரு பாடலை மற்றொரு பாடலோடு ஒப்பிட, நூலில் அச்சிட்டுப் பிற ஊருக்கு அனுப்ப எழுத்தே வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

பேராக் மண்ணிலிருந்து ஒரு சான்று

இவையெல்லாம் நமக்கு எட்டாதவை என்று கருதுவோர்க்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்றுண்டு. ஒவ்வொரு வாரமும் பள்ளித் திடலில் நம் மாணவர் நெஞ்சு நிமிர்த்திப் பாடும் நாட்டுப்பண், பேராக் மாநிலப் பண்ணின் மெட்டில் அமைந்தது. அம்மெட்டுச் சீஷெல்ஸ் தீவில் வழங்கியது என்றும், 1877இல் அங்கு நாடுகடத்தப்பட்ட சுல்தான் அப்துல்லா குடும்பத்தாரின் வழியாகப் பேராக் வந்தது என்றும் பரவலாகக் கூறப்படுகிறது. யார் இயற்றியது என்பதில் இன்றளவும் ஒருமித்த கருத்தில்லை. எங்கோ மக்கள் வாயில் உலவிய ஒரு மெட்டு, ஒருவர் அதனை இசைக்குழுவுக்கு ஏற்ப எழுத்தில் அமைத்தார், அது நிலைத்தது.

1957இல் விடுதலை பெறவிருந்த நாட்டுக்குப் பண் தேடியபோது உலகப் புகழ்பெற்ற இசையறிஞர்களிடமும் படைப்புகள் கேட்கப்பட்டன. அவர்களுள் இத்தாலியில் பிறந்த ஜியான் கார்லோ மெனோட்டியும் ஒருவர். அவை எவையும் ஏற்கப்படவில்லை. பேராக் மெட்டே தேர்ந்தெடுக்கப்பட்டது. மக்கள் வாய்மெட்டுக்கு உள்ள ஆற்றலுக்கும், அதனை எழுதி வைத்தலின் பயனுக்கும் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

என் கைப்பட்ட பிழை

பிறரைக் குறைகூறுமுன் என் குறையைக் கூறிவிடுவது நேர்மை.

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றின் லயத்தில் நான் வளர்ந்தேன். இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்று, நிரை முடித்துத் திரும்பும் என் பாட்டி, பிற்பகலில் ஏணைக்கருகில் அமர்ந்து பாடுவார். அண்டைவீட்டுக் குழந்தைகளையும் அவரிடமே விட்டுச் செல்வர். 1990ஆம் ஆண்டையொட்டி ஆசிரியர் பயிற்சியில் நாட்டுப்புற இலக்கியம் பற்றிய ஓர் இடுபணிக்காக அவரிடம் மூன்று தாலாட்டுகளைக் கேட்டு எழுதினேன். ‘மெதுவாகச் சொல்லுங்கள் பாட்டி, எழுதவேண்டும்’ என்றேன். அவர் பாடுவதை நிறுத்திவிட்டுச் சொல்லத் தொடங்கினார். சொல்லும்போது அடி மறந்தது. ‘பாடினாத்தாண்டா வரும்’ என்றார். நானோ பாடும் வேகத்துக்கு எழுத முடியவில்லை என்று அவரைச் சொல்லவே வைத்தேன். மீண்டும் மீண்டும் வந்த ‘ஆராரோ’வை வீண் என்று விட்டுவிட்டேன். கொச்சை என்றெண்ணிச் சில சொற்களைத் திருத்தினேன். எதுகை மோனைகளைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது.

அந்தக் குறிப்பேடு இன்றும் என்னிடம் உள்ளது. பாட்டி மறைந்து ஆண்டுகள் பல ஆயின. லயம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. ஏட்டைத் திறந்தால் எதுகை தெரிகிறது, மோனை தெரிகிறது; பாட்டுக் கேட்கவில்லை. மூன்றில் ஒன்றன் மெட்டு மட்டும் அரைகுறையாக நினைவில் உள்ளது. அதுவும் பாட்டியின் மெட்டுத்தானா, பின்னர்த் திரைப்படத்தில் கேட்டதன் சாயலா என்று துணிந்து சொல்ல இயலவில்லை.

நம் தொகுப்பு நூல்கள்மீது நான் வைக்கும் குறைகள் யாவும் இக்குறிப்பேட்டில் முன்னரே உள்ளவை. பாடலைப் பாடவிடாமல் சொல்லவைத்தல். பொருளற்றவை என்று அசைச்சொற்களையும் மடக்குகளையும் நீக்குதல். வட்டார வழக்கைத் திருத்துதல். பாடியவர், இடம், வேளை ஆகியவற்றைக் குறியாது விடுதல். மெட்டைப் பற்றி வாய் திறவாமை. இவற்றின் வேர் ஒன்றே. பாட்டை நாம் செய்யுளாக மட்டும் கண்டோம். யாப்பு கற்பிக்கும் நமக்கு யாப்புக்குள் அடங்கியதே கண்ணிற் பட்டது. ஓர் எழுத்தைத் தாய் எட்டு மாத்திரைக்கு நீட்டிக் குழந்தையை உறங்கவைத்தாள் என்பது நம் இலக்கணக் கணக்கில் வரவில்லை.

கையிலிருக்கும் கருவி

இனிச் செய்யத்தக்கது யாது? பெரும் பொருளும் பெரிய நிறுவனமும் வந்தபின் பார்ப்போம் என்பது காலங்கடத்தும் வழி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, இரப்பர் செம்பனைக்கு இடங்கொடுத்து, மக்கள் ஈப்போ, புந்தோங் முதலிய இடங்களுக்குப் பெயர்ந்து ஒரு தலைமுறைக்கு மேலாயிற்று. பாடத் தெரிந்தோர் எண்பதைக் கடந்துவிட்டனர். ஏடு காத்திருக்கும், குரல் காத்திராது.

நமக்குரிய கருவி நம் பள்ளியிலேயே உள்ளது. தொடக்கப்பள்ளி இசைக்கல்வியில் நம் மாணவர் ஐந்துகோட்டுக் குறியீட்டை அறிகின்றனர்; ரெக்கார்டர் குழல் ஊதப் பழகுகின்றனர். அரெட்சோ நகரத்துத் துறவி வகுப்பறைக்கெனக் கண்ட முறை, கடல் கடந்து, ஆயிரமாண்டு கடந்து, நம் தமிழ்ப்பள்ளிக் கரும்பலகைக்கு வந்துவிட்டது. அதனைக் கொண்டு யார் யார் நாட்டுப் பாடல்களையோ ஊதுகிறோம். நம் மாணவனின் பூட்டி பாடிய தாலாட்டை அக்கோடுகளின்மீது எழுதிப் பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் இதனைச் சிறிய அளவில் செய்து பார்த்தோம். புந்தோங்கில் வாழும் மூதாட்டி ஒருவரின் தாலாட்டை முதலில் ஒலிப்பதிவு செய்தோம். இசையாசிரியை அதனைப் பலமுறை கேட்டு, ஐந்து சுரங்களுக்குள் அடங்கிய அம்மெட்டைக் கோட்டில் எழுதினார். கீழே ச, ரி, க, ம எழுத்துகளிலும் குறித்தார். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி அதனைக் குழலில் ஊதினாள். கேட்டுக்கொண்டிருந்த மூதாட்டி தலையசைத்து, ‘எல்லாஞ் சரி, இந்த எடத்துல இழுக்கணும் தாயி’ என்று பாடிக் காட்டினார். ஆசிரியை அந்தச் சுரத்தின்மேல் ஒரு வளைகோடு இட்டார். எழுத்து தன் எல்லையை அடைந்ததும், பாடியவரே அவ்வெல்லையைச் சற்றுத் தள்ளி வைத்ததும் அன்று நாங்கள் கண்கூடாகக் கண்டவை. குடுமியான்மலைக் கல்லுக்குக் கிட்டாத வாய்ப்பு அந்தத் தாளுக்குக் கிட்டிற்று. எழுதியதைத் திருத்தப் பாடியவர் அருகில் இருந்தார்.

இனி வெளிவரும் தொகுப்புகளுக்கு மூன்று வரையறைகளை வேண்டுகிறேன். பாடலைப் பாடியபடியே, அசைகளும் மடக்குகளும் குன்றாமல் எழுத வேண்டும். பாடியவர், அவர் பாடிப் பழகிய தோட்டம், பாடும் வேளை ஆகியன, அவர்தம் இசைவோடு, பரிபாடற் குறிப்புப்போல ஒவ்வொரு பாடலின் இறுதியிலும் இடம்பெற வேண்டும். மெட்டு எளிய சுரக்குறிப்பில் உடனிருக்க வேண்டும். ஒலிப்பதிவு ஒரு நூலகத்தில் வைக்கப்பட வேண்டும். இம்மூன்றும் இல்லாத தொகுப்பை இலக்கியத் தொகுப்பு என்று ஏற்கலாம். பாடல் தொகுப்பு என்று ஏற்றல் இயலாது.

விவால்டியின் ஏடுகளைக் காத்தவர் பட்டியலில் படியெடுத்தவர், விற்க வந்த துறவியர், எண்வரிசையில் குறை கண்ட பேராசிரியர், குழந்தையை இழந்த தந்தையர் இருவர் எனப் பலர் உளர். அவர்கள் கைக்கு முதலில் ஏடு என்ற ஒன்று கிடைத்தது. நம் தோட்டத்துப் பாட்டிமாருக்கு அந்த முதல் ஏட்டை எழுதவேண்டியவர் நாமே. மாணவர் வீட்டில் முதியவர் ஒருவர் இருப்பின், வருகிற பள்ளி விடுமுறையிலேயே சென்று கேளுங்கள். சொல்லச் சொல்லாதீர்கள், பாடச் சொல்லுங்கள்.